பினாங்கில் உச்சிப்பொழுது ஒன்றேகாலுக்கு: அட்சக்கோடும் தீர்க்கக்கோடும் பழக ஒரு வழி

அக்கா மகள் இந்த ஆண்டுதான் இடைநிலைப்பள்ளிக்குப் போனாள். ஒரு சனிக்கிழமை மாலை புவியியல் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டு, "குறுக்கே போறது ஒரு கோடு, நெடுக்கே போறது ஒரு கோடு. இதுல பாடமா படிக்க என்னா மாமா இருக்கு?" என்றாள். நியாயமான கேள்வி. நம்மில் பலர் அந்த இரண்டு பெயர்களையும் மாற்றி மாற்றி உருப்போட்டு, பரீட்சை முடிந்த கையோடு மறந்தவர்கள்தாம். கட்டம் போட்ட தாளை உருண்டைமேல் ஒட்டிவைத்ததுபோல இரண்டையும் ஒரே வகையாக நினைத்துவிடுகிறோம். ஆனால் குறுக்குக் கோட்டைப் பூமியே போட்டுக் கொடுத்திருக்கிறது. நெடுக்குக் கோட்டின் தொடக்கம் மனிதர்கள் கூடிப் பேசி முடிவு செய்தது. நாம் எந்த நெடுக்குக் கோட்டில் இருக்கிறோம் என்று கண்டுபிடிக்கக் கடிகாரம் வேண்டும். இது பிடிபட்டால் மீதிப் பாடம் சுலபம். அன்று அவளுக்குச் செய்து காட்டியதை அதே வரிசையில் எழுதுகிறேன்.

பெயர்களை முதலில் முடித்துவிடுவோம். கிழக்கு மேற்காகப் போவது அட்சக்கோடு. அட்சரேகை, அகலாங்கு என்றும் சொல்வார்கள். வடதுருவத்திலிருந்து தென்துருவத்துக்கு இறங்குவது தீர்க்கக்கோடு. தீர்க்கரேகை, நெட்டாங்கு என்பவையும் அதுவே. கோண அளவு பாகை, அதாவது டிகிரி. ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. பாடநூல்களில் கலையை நிமிடம் என்று எழுதுவதும் உண்டு. இந்தக் கட்டுரையில் கடிகார நிமிடமும் அடிக்கடி வரப்போவதால், பஞ்சாங்கக்காரர்களின் சொல்லான கலையையே வைத்துக்கொள்கிறேன்.

தேவையான பொருள்கள்: எழுதுபொருள் கடையில் கிடைக்கும் ஓர் உலக உருண்டை (சிறியதாக இருந்தாலும் போதும், நன்றாகச் சுழல வேண்டும்), ஒரு பெரிய வெங்காயம், ஓர் ஆரஞ்சு, கைப்பேசி.

வெங்காயமும் ஆரஞ்சும்

வெங்காயத்தைப் படுக்கவைத்து வட்ட வட்டமாக நறுக்குங்கள். நடுவில் வெட்டிய வட்டம் பெரியது; காம்புப் பக்கமும் வேர்ப் பக்கமும் போகப்போக வட்டம் சிறுத்துக்கொண்டே வரும். எந்த வட்டமும் இன்னொன்றைத் தொடாது. இவை அட்சக்கோடுகள். அடுத்து ஆரஞ்சை உரித்துச் சுளைகளைப் பாருங்கள். சுளைகளைப் பிரிக்கும் கோடுகள் எல்லாம் ஒரே நீளம். இடுப்பில் விலகி நிற்கும், இரு முனையிலும் ஒன்றாய்ச் சேரும். இவை தீர்க்கக்கோடுகள். ஆக, அட்சக்கோடு முழு வட்டம், தீர்க்கக்கோடு அரை வட்டம். வெங்காயத்தைச் சாம்பாருக்கு எடுத்து வைத்துவிட்டு ஆரஞ்சைத் தின்றுகொண்டே தொடரலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

விரலை அசைக்காமல் உருண்டையைச் சுற்றுங்கள்

என் கணிப்பில் இதுதான் இந்தப் பாடத்தின் உயிர். உருண்டையில் பினாங்குத் தீவைத் தேடுங்கள். சிறிய உருண்டையில் பெயர் இருக்காது. தீபகற்பத்தின் மேற்குக் கரையில், தாய்லாந்து எல்லைக்குச் சற்றுக் கீழே வையுங்கள் விரலை. விரலை அப்படியே நிறுத்தி, உருண்டையை மட்டும் ஒரு சுற்று சுழற்றுங்கள். விரல் தடவிச் சென்ற பாதை நம் அட்சக்கோடு. அதை நீங்கள் வரையவில்லை, சுழற்சி வரைந்தது. பூமி சுழல்வதால் அச்சு உண்டாகிறது, அச்சின் இரு முனைகள் துருவங்கள், இரண்டுக்கும் சரிபாதியில் நிலநடுக்கோடு. அதற்கு 0 பாகை, துருவங்களுக்கு 90. இதில் எந்த நாட்டின் சம்மதமும் தேவைப்படவில்லை.

பினாங்கு வடக்கு 5 பாகை 25 கலை. விரல் நிற்க, உருண்டையைக் கிழக்கு நோக்கிச் சுற்றினால் ஒரு பயணம் கிடைக்கும். நீரிணையைக் கடந்ததும் சுமத்ராவின் வடமுனை; பண்டா ஆச்சே நகரம் கோட்டுக்குச் சற்று மேலே. பிறகு இலங்கையின் தென்கோடிக்கும் தெற்கே திறந்த கடல், மாலத்தீவு, சோமாலியா, எத்தியோப்பியா, ஆப்பிரிக்காவின் மறுகரையில் அபிஜான். அட்லாண்டிக் தாண்டினால் சுரினாம், கொலம்பியா. பிறகு அலுக்கும் அளவுக்குப் பசிபிக். கடைசியில் சபா, கோலத் திரங்கானு, வீடு. நம் ஊரும் கோலத் திரங்கானுவும் ஏறத்தாழ ஒரே அட்சத்தில் இருப்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள்.

இப்போது மாற்றிச் செய்யுங்கள். உருண்டையை அசையாமல் பிடித்து, விரலைப் பினாங்கிலிருந்து நேர் வடக்கே கொண்டுபோய் மீண்டும் தெற்கே இறக்குங்கள். நம் தீர்க்கம் கிழக்கு 100 பாகை 20 கலை. வடக்கே அந்தக் கோட்டை ஒட்டி ஹாட்யாய், அதற்கும் மேலே பேங்காக், 100 பாகை 30 கலையில். தெற்கே சுமத்ராவின் மேற்குக் கரையில் பாடாங், 100 பாகை 21 கலையில். மூன்று நாட்டு நகரங்கள், ஒரே சுளையின் ஓரம். மூன்றிலும் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உச்சிக்கு வரும். ஆனால் பேங்காக்கிலும் பாடாங்கிலும் மணி பன்னிரண்டு என்றால் பினாங்கில் ஒன்று. இந்த முரணை நினைவில் வையுங்கள், கடிகாரத்துக்கு வரும்போது அவிழ்ப்போம்.

சுழியம் எங்கே?

அட்சத்துக்குச் சுழியம் தானாக அமைந்தது. தீர்க்கத்துக்கு அப்படி இல்லை. எல்லாச் சுளையும் ஒன்றுபோல இருக்க, எண்ணத் தொடங்குவது எதிலிருந்து? இந்திய வானியலார் உஜ்ஜயினி வழியாகப் போகும் கோட்டிலிருந்து எண்ணினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் பாரிஸிலிருந்து, ஆங்கிலேயர்கள் லண்டனை அடுத்த கிரீன்விச்சிலிருந்து. 1884இல் வாஷிங்டனில் 25 நாட்டுப் பிரதிநிதிகள் கூடி கிரீன்விச்சைத் தேர்ந்தெடுத்தார்கள். பிரான்ஸ் வாக்களிக்காமல் ஒதுங்கி, 1911 வரை பாரிஸ் நேரத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. அப்போதே உலகக் கப்பல்களில் பெரும்பாலானவை கிரீன்விச்சை வைத்து அச்சிட்ட வரைபடங்களைப் பயன்படுத்தியதுதான் கிரீன்விச் தேர்வானதன் முக்கியக் காரணம். அந்த இடத்துக்கென்று இயற்கையில் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. இன்று கிரீன்விச்சில் தரையில் பதித்திருக்கும் கோட்டின்மேல் நின்று கைப்பேசியைப் பார்த்தால் சுழியம்கூடக் காட்டாது. கிழக்கே இன்னும் 100 மீட்டர் நடக்க வேண்டும்.

அங்கிருந்து கிழக்கே 180, மேற்கே 180. இரண்டும் பசிபிக்கில் முட்டிக்கொள்கின்றன. தேதிக்கோடு அதை ஒட்டித்தான் போகிறது, சில தீவுகளுக்காக வளைந்து வளைந்து.

பாகையைக் கிலோமீட்டராக்குவது

மனப்பாடம் தேவையில்லை. மீட்டர் என்ற அளவையே பிரெஞ்சுக்காரர்கள் நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் வரை ஒரு கோடி மீட்டர், அதாவது 10,000 கி.மீ. வருமாறு வகுத்தார்கள். அந்தத் தொலைவுக்குள் 90 பாகை. வகுத்தால் ஒரு பாகைக்கு 111 கி.மீ. ஒரு கலைக்கு 1.85 கி.மீ., அதுதான் கப்பல்காரர்களின் கடல் மைல்.

அட்சத்துக்கு இந்தக் கணக்கு எங்கும் பொருந்தும். தீர்க்கத்துக்கு எச்சரிக்கை: சுளை மேலே போகப்போக ஒடுங்குமே. நிலநடுக்கோட்டில் ஒரு பாகைத் தீர்க்கம் 111 கி.மீ. என்றால் லண்டனில் 69, 60 பாகை அட்சத்தில் பாதி, துருவத்தில் ஒன்றுமே இல்லை. நாம் கொடுத்துவைத்தவர்கள். பினாங்கில் 110.8 கி.மீ. வருவதால் மலேசியாவுக்குள் இரண்டுக்கும் 111 என்றே போட்டுக்கொள்ளலாம்.

கோலாலம்பூரை வைத்துப் பாருங்கள்: வடக்கு 3 பாகை 8 கலை, கிழக்கு 101 பாகை 42 கலை. பினாங்குக்கும் அதற்கும் அட்ச வித்தியாசம் 2 பாகை 17 கலை, சுமார் 253 கி.மீ. தீர்க்க வித்தியாசம் 1 பாகை 22 கலை, சுமார் 152 கி.மீ. செங்கோண முக்கோணக் கணக்குப் போட்டால் காக்கை பறக்கும் தூரம் ஏறத்தாழ 295 கி.மீ. நெடுஞ்சாலையில் போனால் இதைவிடக் கூடத்தான் வரும்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு பயிற்சி கொடுக்கலாம். ரஜூலா கப்பலில் தாத்தா பாட்டி வந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். நாகப்பட்டினம் வடக்கு 10 பாகை 46 கலை, கிழக்கு 79 பாகை 50 கலை. உருண்டையில் அங்கிருந்து பினாங்குக்கு விரலால் ஓட்டச் சொல்லுங்கள். தெற்கே ஐந்தரைப் பாகைகூட இறங்கவில்லை, கிழக்கே மட்டும் இருபதரைப் பாகை. அந்த இருபதரை அடுத்த பகுதிக்குத் தேவைப்படும்.

கடிகாரமும் ராகு காலமும்

பூமி ஒரு நாளில் 360 பாகை சுழல்கிறது. மணிக்கு 15 பாகை, ஒரு பாகைக்கு 4 நிமிடம். நாகப்பட்டினத்தில் உச்சிக்கு வருவதற்குச் சுமார் 82 நிமிடம் முன்பே சூரியன் நம் உச்சியைக் கடந்துவிடுகிறது என்று இதிலிருந்து வரும். ஆனால் கடிகாரப்படி தமிழ்நாட்டுக்கும் நமக்கும் இரண்டரை மணி நேரம். மீதி எங்கிருந்து வந்தது?

கடிகாரம் நம் ஊர்ச் சூரியனைப் பார்ப்பதில்லை. மலேசிய நேரம் கிரீன்விச்சுக்கு 8 மணி முன்னே. எட்டைப் பதினைந்தால் பெருக்கினால் 120 பாகை. உருண்டையில் கிழக்கு 120 எங்கே போகிறது பாருங்கள்: சீனாவின் கிழக்குக் கரை, பிலிப்பைன்ஸ். சபாவின் கிழக்கு முனைகூட அதைத் தொடவில்லை. நம் நாட்டுக்குள் வராத ஒரு கோட்டின் நேரத்தில் நாம் வாழ்கிறோம். தீபகற்பத்தில் முன்பு ஏழரை மணி முன்னே என்றுதான் இருந்தது. சபா, சரவாக்கோடு ஒன்றாக்குவதற்காக 1982 பிறந்தபோது கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள். பேங்காக்கும் பாடாங்கும் 105 பாகைக்குரிய நேரத்தில் நின்றுவிட்டன. மேலே சொன்ன முரணுக்கு விடை அவ்வளவுதான்.

இதன் விளைவு, 120லிருந்து நாம் 19 பாகை 40 கலை மேற்கே தள்ளி இருக்கிறோம். அதை நான்கால் பெருக்கினால் 79 நிமிடம். பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பிற்பகல் 1.19க்கு. பள்ளிவாசலில் லுஹர் (நண்பகல் தொழுகை) பாங்கு ஒரு மணிக்கு மேல் ஒலிப்பதன் காரணமும் இதுவே.

ராகு காலம் பார்ப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். பகலை எட்டாகப் பிரித்து, சூரியோதயம் காலை ஆறு என்று வைத்து, திங்கள் ஏழரை முதல் ஒன்பது என்று தமிழ்நாட்டு நாட்காட்டி போடுகிறது. சென்னையில் உச்சி 12.09 வாக்கில் வருவதால் அங்கே அது பொருந்தும். அதே தாளைக் கிழித்துப் பினாங்கில் பார்த்தால் 70 நிமிடம் பிசகும். இங்கே சூரியோதயம் ஏழேகால் வாக்கில். திங்கள் ராகு காலம் எட்டே முக்காலுக்குத்தான் தொடங்கும். நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது அவரவர் பாடு. நம்புவதாக இருந்தால் சரியான தீர்க்கத்தில் நம்புங்கள் என்பது என் கட்சி. அக்கா இதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கைப்பேசி காட்டும் எண்கள்

வரைபடச் செயலியில் கொம்தார் கோபுரத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் 5.414, 100.329 என்பதுபோல வரும். முதலில் அட்சம், பிறகு தீர்க்கம். யாராவது மாற்றி அனுப்பினால் மலேசியாவில் உடனே கண்டுபிடிக்கலாம்: முதல் எண் 90ஐத் தாண்டியிருந்தால் தவறு, அட்சம் அவ்வளவு போகாது. கழித்தல் குறி இருந்தால் தெற்கு அல்லது மேற்கு.

இந்தத் தசமத்தைக் கலை என்று படித்துவிடக் கூடாது. 5.25 என்பது 5 பாகை 25 கலை அல்ல, 5 பாகை 15 கலை. தசமப் பகுதியை 60ஆல் பெருக்க வேண்டும். 0.414ஐப் பெருக்கினால் 24.84, அந்த 0.84ஐ மறுபடி பெருக்கினால் 50. ஆகவே 5 பாகை 24 கலை 50 விகலை. தசமத்தில் நான்காம் இடம் ஏறத்தாழ 11 மீட்டர். உணவு கொண்டுவருபவருக்கு இடம் சொல்ல நான்கு இலக்கம் போதும்.

கைப்பேசி இல்லாமல் கண்டுபிடிப்பது

அட்சத்துக்கு வானமே போதும். துருவ நட்சத்திரம் தொடுவானிலிருந்து எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறதோ அதுதான் ஏறத்தாழ நம் அட்சம். கையை முழுதாக நீட்டி மூன்று விரல்களைப் படுக்கவைத்தால் சுமார் 5 பாகை. நமக்கு அவ்வளவுதான் உயரம். அரபு மாலுமிகள் விண்மீன் உயரத்தை விரற்கணக்கில்தான் அளந்தார்கள். பத்து ஃபிரிங்கி கடற்கரை வடக்கே பார்த்தது என்று நம்பி நான் பல இரவு நின்றிருக்கிறேன். தொடுவானத்து மூட்டத்தில் ஒருமுறைகூட அது கண்ணில் படவில்லை.

தீர்க்கத்துக்கு வானம் மட்டும் போதாது. இங்கே உச்சிப்பொழுது ஆகும்போது கிரீன்விச்சில் மணி என்ன என்று தெரிய வேண்டும். கப்பல் ஆட்டத்தில் பிசகாத கடிகாரம் இல்லாததால் நூற்றாண்டுக் கணக்கில் மாலுமிகள் திண்டாடினார்கள். 1714இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இதற்கு 20,000 பவுன்வரை பரிசு அறிவித்தது. தச்சுத் தொழிலிலிருந்து கடிகாரத்துக்கு வந்த ஜான் ஹாரிசன் செய்த கடிகாரம் 1761இல் ஜமைக்காவுக்குப் புறப்பட்டு, போய்ச் சேர்ந்தபோது சில விநாடிகளே பிந்தியிருந்தது.

அந்தக் கடிகாரம் இன்று நம் எல்லார் பையிலும் இருக்கிறது. ஆகவே ஒரு கம்பு போதும். சரியான நாள் டிசம்பர் 25. விடுமுறை, பினாங்கில் பொதுவாக மழை குறைவு, அதோடு கணக்குக்கும் அது தோதான நாள்: ஆண்டு முழுவதும் சூரியன் கடிகாரத்துக்குச் சில நிமிடம் முந்தியும் பிந்தியும் ஓடும், அந்த வித்தியாசம் சுழியமாகும் நாள்களில் அது ஒன்று.

சமதளத்தில் ஒரு மீட்டர் கம்பை நட்டுக்குத்தாக நிறுத்துங்கள். நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு நேர் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பின் அடியை மையமாக வைத்து ஒரு மீட்டர் ஆரத்தில் சுண்ணக்கட்டியால் வட்டம் போடுங்கள். முற்பகலில் நிழல் சுருங்கிக்கொண்டே வந்து அதன் நுனி வட்டத்தைத் தொடும் நேரத்தைக் குறியுங்கள். பிற்பகலில் நிழல் நீண்டு மறுபடி தொடும் நேரத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடு உச்சிப்பொழுது. குறுகிய நிழலை நேரடியாகப் பார்த்து உச்சியைப் பிடிப்பது கடினம். அந்த வேளையில் நிழலின் நீளம் மாறுவதே தெரியாது. கோயில் கட்டும் சிற்பிகள் சங்கு என்ற முளையை நட்டுத் திசை கண்டதும் இதே வட்டத்தில்தான்.

எங்கள் அடுக்குமாடியின் மேல்தளக் கார் நிறுத்துமிடத்தில் செய்தோம். நுனி தொட்டது காலை 10.56, மாலை 3.40. நடு 1.18. எட்டு மணியைக் கழித்தால் கிரீன்விச்சில் காலை 5.18. அங்கே உச்சிப்பொழுதாக இன்னும் 402 நிமிடம். நான்கால் வகுத்தால் 100.5 பாகை.

உச்சி வேளையில் நிழல் 56 செ.மீ. இருந்தது. 0.56க்குரிய கோணத்தைக் கைப்பேசியின் டான் நேர்மாறு பொத்தான் 29.25 பாகை என்று காட்டியது. கட்டத்தாளில் முக்கோணம் வரைந்து பாகைமானியாலும் அளக்கலாம். அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 23.4 பாகையில் நிற்கிறது. அதைக் கழித்தால் மீதி 5.85, நம் வடக்கு அட்சம்.

இரண்டு எண்களையும் வரைபடத்தில் போட்டதும் அக்கா மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் வீடு கடலைத் தாண்டி, கெடாவில் ஜெராய் மலைக்குக் கிழக்கே குருன் பக்கம் போயிருந்தது! நேரத்தில் ஒரு நிமிடம் தவறினால் 28 கி.மீ., நிழலில் ஒரு சென்டிமீட்டர் தவறினால் 50 கி.மீ. அளவுக்கு ஓடும். நிழலின் நுனி மங்கலாக இருப்பதால் சென்டிமீட்டர் தவறுவது சுலபம். கம்பு நுனியில் துளையிட்ட அட்டையை ஒட்டி, தரையில் விழும் ஒளிப்புள்ளியின் நடுவை அளந்தால் இன்னும் நெருங்கலாம்.

டிசம்பர் வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு எளிய வேலை ஒன்று. ஏப்ரல் முதல் வாரத்தில் 3, 4 தேதிகளில் சூரியன் பினாங்கின் நேர் தலைக்கு மேல் வரும். தண்ணீர்ப் புட்டியை வெயிலில் நிறுத்தி, 1.22 வாக்கில் பாருங்கள், பக்கத்தில் நிழல் இருக்காது. செப்டம்பர் 8, 9இல் மறுபடி, அப்போது 1.16 வாக்கில். கோலாலம்பூர்க்காரர்கள் மார்ச் 28ஐ ஒட்டியும் செப்டம்பர் 15ஐ ஒட்டியும் பார்க்க வேண்டும். இரண்டு பாகை தெற்கே இருப்பதால் அவர்களுக்கு மார்ச்சில் ஒரு வாரம் முந்தி, செப்டம்பரில் ஒரு வாரம் பிந்தி.